தாராவிக்கு வரும் பொறியியல் மாணவர்களுக்கு: வடிகட்டி வேண்டாம், சிரிஞ்சு கொண்டு வாருங்கள்

மழைக்காலம் நெருங்கினால் மும்பையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வடிகட்டி செய்யும் ஆசை வந்துவிடும். மணல், கூழாங்கல், கரி, ஒரு பிவிசி குழாய். கண்காட்சியில் கலங்கல் தண்ணீர் தெளிந்து விழும், எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு தாராவியில் ஏதோ ஒரு சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள கட்டடம்) அதை மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். செப்டம்பரில் போய்ப் பார்த்தால் அடைத்துக் கிடக்கும். மணலை எடுத்துக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் பத்துக்குப் பத்து வீட்டில் மணலை எங்கே கொட்டிக் கழுவுவது?

தாராவியில் தண்ணீர் பெரும்பாலும் ஊற்றிலேயே கெட்டு வருவதில்லை. மாநகராட்சி குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறது. கெடுவது வழியிலும் வீட்டிலும். குழாய்கள் சாக்கடை ஓரமாகவும் சாக்கடைக்குள்ளேயும் ஓடுகின்றன. நாளில் சில மணி நேரம்தான் சப்ளை. சப்ளை நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது, விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே போகிறது. யாராவது மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி இழுத்தால் இன்னும் மோசம். அப்புறம் டிரம். திறந்த டிரம்முக்குள் தண்ணீர் மொள்ளும் மக்கைப் பிடித்த கை முழங்கை வரை போகும். இதற்கு மருந்து டிரம்முக்குள் எஞ்சி நிற்கும் குளோரின்தான். அதை அளந்து, கணக்குப் போட்டு ஊற்றி, மறுநாளும் வந்து அளக்க ஓர் ஆள் வேண்டும். மாணவர்களால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை இது. அவ்வளவாக யாருக்கும் பிடிக்காத வேலையும் இதுதான், ஏனென்றால் படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லை.

முதல் தவறு நேரத்தில் நடக்கும். கல்லூரிப் பேருந்து பதினொரு மணிக்கு 90 அடி சாலையில் வந்து நிற்கும். அந்தச் சந்தில் தண்ணீர் காலை ஐந்துக்கு வந்து எட்டுக்கு நின்றிருக்கும். முதல் நாள் எதையும் தொடாமல், எந்தச் சந்துக்கு எப்போது தண்ணீர் என்பதை மட்டும் அங்குள்ள அக்காக்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "அக்கா, முதல்ல வர்ற தண்ணிய என்ன பண்றீங்க?" என்றும் கேளுங்கள். சப்ளை தொடங்கிய முதல் ஐந்து பத்து நிமிடத் தண்ணீர்தான் மிக மோசமானது. அதைத் துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை குறையும். பல வீடுகளில் ஆச்சிமார் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். பாடம் எடுக்கப் போகாதீர்கள்.

கொண்டுவர வேண்டியவை கொஞ்சம்தான்: டிபிடி மாத்திரையோடு (குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டும் மாத்திரை) கூடிய குளோரின் பரிசோதனைப் பெட்டி, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு இரண்டு, 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி நான்கு, மூடியுள்ள ஒரு லிட்டர் பாட்டில், கிராம் காட்டும் சிறிய தராசு, ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, முகமூடி, ஒரு நோட்டு. வாளி இரும்பாக இருக்கக் கூடாது. குளோரின் அதை அரிக்கும், தானும் தீரும்.

குளோரினுக்குப் பிளீச்சிங் பவுடர்தான். அதில் 33 சதவீதம் குளோரின் இருப்பதாகப் புத்தகம் சொல்லும். மூட்டையைத் திறந்து மும்பை ஈரக்காற்றில் வைத்தால் அது வேகமாக இறங்கும். கணக்குக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கினால் ஒரு சதவீதக் கரைசல், அதாவது ஒரு மி.லி.யில் 10 மில்லிகிராம் குளோரின். தண்ணீரில் பவுடரைப் போடுங்கள், பவுடர் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்வது நல்லது. டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு, சின்ன அறையில் ஆளையே சாய்த்துவிடும்.

அடுத்து வாளிச் சோதனை. நான்கு வாளிகளில் அதே தண்ணீரை 20 லிட்டர் நிரப்பி, கரைசலை வரிசையாக 2, 3, 4, 6 மி.லி. விடுங்கள். லிட்டருக்கு 1, 1.5, 2, 3 மில்லிகிராம் ஆகும். கலக்கி, மூடி, அரை மணி நேரம் காத்திருங்கள். கைபேசியில் அலாரம் வையுங்கள், "அரை மணி ஆயிருக்கும்" என்பது எப்போதும் பதினைந்து நிமிடம்தான். பிறகு ஒவ்வொன்றிலும் எஞ்சிய குளோரினை அளங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எந்த வாளி காட்டுகிறதோ அதுதான் அன்றைய அளவு. அது 3 மி.லி. வாளியாக இருந்தால் 200 லிட்டர் டிரம்முக்கு 30 மி.லி., பத்து மடங்கு, அவ்வளவே. தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் போதுமான அளவு இருந்தால் ஒன்றும் ஊற்ற வேண்டாம். அதனால் முதலில் குழாய்த் தண்ணீரை அளந்துவிட்டுத்தான் வாளியை எடுக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பவுடர் 25 சதவீதமா 18 சதவீதமா என்பது உங்களுக்குத் தெரியவே வேண்டாம். அதே பாட்டில் கரைசலை வாளிக்கும் டிரம்முக்கும் பயன்படுத்தும் வரை அந்தப் பிழை தானாகவே அடிபட்டுப் போகும். மத்தியானம் புதுக் கரைசல் கலக்கிவிட்டுக் காலை அளவையே ஊற்றினால்தான் கணக்கு உதைக்கும்.

டிரம் எப்போதும் நிறைந்திருக்காது. வழக்கமான 200 லிட்டர் டிரம்மில் பத்து செ.மீ. உயரத்துக்குச் சுமார் 25 லிட்டர். ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் சிரிஞ்சு இருக்காது, பாட்டில் மூடிதான் இருக்கும். மூடிக்கு மூடி அளவு வேறு. அவர்கள் வீட்டு மூடியையே சிரிஞ்சால் அளந்து, "இந்த மூடிக்கு இத்தனை" என்று டிரம் மேலேயே தமிழில் எழுதிவிடுங்கள். அந்த நீல டிரம் முன்பு எதைச் சுமந்தது என்றும் கேளுங்கள். பழைய பொருள் மறுசுழற்சி நடக்கும் 13 காம்பவுண்டில் கழுவி விற்கும் டிரம்களில் ரசாயனம் வந்தவையும் உண்டு. எதற்கு இருந்தது என்று தெரியாத டிரம் குடிதண்ணீருக்கு ஆகாது, எத்தனை குளோரின் போட்டாலும் ரசாயனம் போகாது.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் சேற்றிலேயே தீர்ந்துவிடும். 5 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் கலங்கலென்றால் முதலில் படிகாரம். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் படிகாரம் கரைத்து, 20 லிட்டர் கலங்கல் தண்ணீருக்கு அந்தக் கரைசலில் 100 மி.லி. விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் வேகமாக, ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி விட்டால் திரி திரியாக அடியில் இறங்கும். தெளிவை இறுத்து, அதில் குளோரின். வரிசை மாறினால் குளோரின் வீண்.

அளப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. டிபிடி மாத்திரை போட்டால் குளோரினுக்கு ஏற்ப ரோஸ் நிறம் ஏறும். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். சோதனைக் குழாய் நிறமே இல்லாமல் நிற்கும். மாணவர் "பூஜ்யம்" என்று எழுதி இன்னும் இரண்டு மூடி ஊற்றச் சொல்லுவார். மாத்திரை விழுந்ததும் ஒரு கணம் ரோஸ் வந்து மறைந்தாலோ மூக்கில் குளோரின் நெடி அடித்தாலோ சந்தேகப்படுங்கள். குளோரின் இல்லாத தண்ணீர் ஒன்பது பங்கு, மாதிரி ஒரு பங்கு கலந்து மறுபடி அளந்து பத்தால் பெருக்குங்கள். மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. பழைய ஆர்த்தோடொலிடின் மஞ்சள் சோதனை இன்னும் பல இடங்களில் உண்டு. அந்த ரசாயனம் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளது, மாணவர் கையில் கொடுக்க வேண்டாம்.

கிருமி இருக்கிறதா என்று தெரிய ஹைட்ரஜன் சல்ஃபைட் குப்பி போதும். 1982-இல் குவாலியரின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட முறை அது. தண்ணீரைக் கோடு வரை ஊற்றி வைத்து, ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக் கலப்பு இருக்கலாம். கறுத்த குப்பி கிருமிப் பண்ணை. பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

காலையில் 0.5 காட்டிய டிரம் மாலையில் பூஜ்யமானால் மருந்தைக் கூட்டாதீர்கள், டிரம்மைப் பாருங்கள். அடியில் வண்டல், மூடி இல்லாமை, மக் பிடித்து உள்ளே போகும் கை, இந்த மூன்றில் ஒன்று இருக்கும். நெடி அடிக்கிறது என்று யாராவது சொன்னால் வாதாடாமல் அளங்கள். வாய்க்குப் பிடிக்காத தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பக்கத்துச் சந்தில் பிடித்து வருவார்கள். அது இதைவிட ஆபத்து.

வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்கவைத்தால் கணக்கு வேறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கொட்டியது. மிதி ஆற்றங்கரையில் இருக்கும் தாராவிக்கு அந்தக் கணக்கு எப்போதும் தேவை. பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் கையேடு ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேர் என்கிறது. 250 பேருக்கு 3,750 லிட்டர், நிமிடத்துக்கு 7.5 லிட்டர் விழும் குழாயில் 500 நிமிடம், எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதாவது அந்த 250 என்பது எட்டு மணி நேரமும் ஒரு நொடியும் மூடாத குழாய்க்கு. குழாய்க்குத் தண்ணீர் தரும் தொட்டி காலியாகக் காலியாக வேகமும் குறையும். நீர்மட்டம் கால்வாசியானால் குழாயின் ஓட்டம் பாதி. அதனால் தொட்டியை ஒரு மீட்டராவது உயர்த்துங்கள். ஆனால் பள்ளிக்கூட பெஞ்சு மேல் அல்ல. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன்.

இந்த மாதிரிப் பெருக்கலைப் போட்டுப் பார்க்காததற்கு உதாரணம் ஆப்பிரிக்காவில் கவிழ்ந்த பிளேபம்ப் என்ற ராட்டினப் பம்பு. குழந்தைகள் சுற்றி விளையாடினால் 2,500 பேருக்குத் தண்ணீர் என்றார்கள். அதற்குக் குழந்தைகள் ஒரு நாளில் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது.

வெள்ளத்தில் இறங்குபவருக்கு முழங்கால் பூட்ஸ், காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் இங்கே ஒவ்வொரு மழையிலும் வரும். தடுப்பு மாத்திரை பற்றி மாநகராட்சி சுகாதார நிலையத்து மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக விழுங்காதீர்கள். மூடி போன மேன்ஹோல் தெரியாது, கையில் கம்பு வைத்துத் தட்டிக்கொண்டே நடங்கள். நனைந்த மீட்டர் பெட்டியைத் தொடாதீர்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் காட்ட வேண்டும். ஒரே நாளில் எட்டு மணி நேரம் எழுதுவதைவிடப் பதினாறு காலைகளில் அரை அரை மணி நேரம் வந்தால் அதே எட்டுதான். டிரம்முக்கும் அது போதும். நோட்டில் தேதி, மணி, சந்து, குழாயில் எவ்வளவு, டிரம்மில் எவ்வளவு, எத்தனை மி.லி. ஊற்றியது, இவ்வளவு இருந்தால் அடுத்து வருபவர் தொடரலாம். நோட்டு கல்லூரியில் அல்ல, சந்தில் ஓர் அக்காவிடம் இருக்கட்டும். பரீட்சை நேரத்தில் நீங்கள் வர மாட்டீர்கள், அவர் இருப்பார்.

மிஞ்சிய பவுடரைத் தகரக் கொட்டகையில் மூட்டையோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் அது செத்துவிடும். சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்து, இறுக மூடி, திறந்த தேதி எழுதி, நிழலில், மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் அரிசிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.