இலியட் வகுப்பில் கோட்பாடு

முதுகலை ஆங்கிலப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு தாள்கள் எடுக்கிறேன். ஒன்று மொழிபெயர்ப்பில் கிரேக்கச் செவ்விலக்கியம், இன்னொன்று இலக்கியக் கோட்பாடு. முதல் தாளை ஆசையாகப் படிப்பார்கள். இரண்டாவது என்றாலே முகம் வாடிவிடும். கதையாடல், கட்டுடைப்பு, ஃபோக்கலைசேஷன் என்று நோட்ஸ் எடுத்து, மனப்பாடம் செய்து, தேர்வில் இறக்கிவைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைத்தால் அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் கோட்பாட்டு வகுப்பையும் இப்போது கிரேக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் தொடக்கத்தில் அப்பல்லோ தெய்வத்தின் பூசாரி கிரைசஸ் மீட்புப் பொருளோடு வந்து தன் மகளைத் திருப்பிக் கேட்கிறார். அவளைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அவரை விரட்டுகிறான். பிளேட்டோவின் 'குடியரசு' மூன்றாம் புத்தகத்தில் சாக்ரடீஸ் இந்தக் காட்சியை எடுத்து, யாரையும் நேராகப் பேசவிடாமல், வெறும் விவரிப்பாக மாற்றிச் சொல்லிக்காட்டுகிறார். அதே பயிற்சியைப் பிள்ளைகளைத் தமிழில் செய்யச் சொல்வேன். அப்புறம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். ஹோமரில் அகமெம்னான் அந்தத் தகப்பனின் முகத்துக்கு நேரே, உன் மகள் ஆர்கோஸில் என் வீட்டில் தறி நெய்துகொண்டு, என் படுக்கைக்கு வந்துபோய்க் கிழவியாவாள் என்கிறான். சாக்ரடீஸின் விவரிப்பில் ஆர்கோஸ் இருக்கிறது, முதுமை இருக்கிறது. தறியும் படுக்கையும் போய்விட்டன. பிள்ளைகள் எழுதியதிலும் பெரும்பாலும் அப்படித்தான். கொடுமை எங்கே இருந்தது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். டைஜெசிஸ் (கவிஞர் தானே விவரிப்பது), மிமெசிஸ் (பாத்திரமாகவே பேசுவது) என்ற இரண்டு சொற்களையும் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதுவேன். பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெட் 1972இல் கதையாடலைப் பற்றி எழுதியபோது இதே பகுதிக்குத்தான் திரும்பிப் போனார். கோட்பாடு செவ்விலக்கியத்துக்கு வெளியாள் என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஃபோக்கலைசேஷனுக்கு ஆறாம் புத்தகம் போதும். போருக்குத் திரும்பும் முன் ட்ராய் இளவரசன் ஹெக்டர் தன் கைக்குழந்தையைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் உச்சியில் குதிரைமயிர்க் குஞ்சம் பயங்கரமாக ஆடுவதைக் கண்டு குழந்தை அலறுகிறது. ஹெக்டர் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். சொல்பவர் கவிஞர்தான், சரி. அந்தப் 'பயங்கரம்' யாருடையது? ஹெக்டருக்கு அது தினமும் அணியும் கவசம். அவன் மனைவி ஆண்ட்ரமக்கியும் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். அந்த ஒரு சொல்லில் மட்டும் நாம் குழந்தையின் கண்ணால் பார்க்கிறோம். சொல்பவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர் என்ற ஜெனெட்டின் பிரிப்பு இவ்வளவுதான். இலியட் முழுவதையும் இந்த வழியில் செவ்விலக்கிய ஆய்வாளர் இரேனே டி யோங் 1987இல் ஆராய்ந்திருக்கிறார்.

எல்லாச் சொல்லும் இப்படிக் கண்ணைத் திறப்பதில்லை. தெரியாமல் தகப்பனைக் கொன்று தாயை மணந்த ஈடிபஸின் கதையை, பிள்ளைக்குத் தாய் மேல் எழும் ஆசைக்குச் சான்றாக உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் 1900இல் கையிலெடுத்ததிலிருந்து சோபோக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தை நாடகமாகப் படிப்பதே கடினமாகிவிட்டது. 1967இல் பிரெஞ்சு அறிஞர் ழான்-பியேர் வெர்னான் எழுப்பிய மறுப்பு எனக்கு இன்றும் வலுவாகவே தெரிகிறது. ஈடிபஸ் தன் தாய் என்று நம்பி வளர்ந்தது கொரிந்துவின் மெரோப்பியை. ஃபிராய்ட் சொல்லும் அந்தச் சிக்கல் இருந்தால் அவளிடம் அல்லவா இருக்க வேண்டும்? வரியிலிருந்து பிறக்காமல் வரியின் மேல் ஏறி உட்காரும் சொல்லை வகுப்பில் நான் வைத்துக்கொள்வதில்லை.

உள்தேர்வு வினாவையும் மாற்றிவிட்டேன். சென்ற பருவத்தில் இருபத்திரண்டாம் புத்தகத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, யார் பார்க்கிறார், எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஹெக்டர் இறந்தது தெரியாமல், அவன் குளிக்க வெந்நீர் போடச் சொல்லி ஆண்ட்ரமக்கி பணிப்பெண்களை ஏவும் இடம். அவளைக் கவிஞர் 'பேதை' என்கிறார். பேதை என்று சொல்ல, நடந்தது தெரிந்த ஒருவர் வேண்டும், அந்த வீட்டுக்குள் அப்படி யாரும் இல்லை என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாத விடை. முழு மதிப்பெண் போட்டேன். பல்கலைக்கழகத் தேர்வில் அந்தச் சொல்லைக் கேட்பார்கள் என்பதால், அடுத்த வகுப்பில் அவள் விடையை வாசித்துவிட்டு, இதற்குப் பெயர் ஃபோக்கலைசேஷன் என்று பலகையில் எழுதினேன்.