பேலியோ, 16:8, சிறுதானியம்: எடை எங்கே குறைகிறது, எங்கே நிற்கிறது

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ, கீட்டோ உணவுமுறைகளில் முதல் வாரம் 2 கிலோ இறங்கினால் துள்ளிக் குதிக்க வேண்டாம். பெரும்பகுதி தண்ணீர்தான். உடலில் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். கூடவே உப்பும் போவதால்தான் மூன்றாம் நாள் தலைவலி, கிறுகிறுப்பு. ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்தால் சரியாகும்.

கீட்டோவுக்கு நாள் முழுக்க மாவுச்சத்து 20–50 கிராம்தான். மூன்று இட்லியிலேயே 30 போய்விடும். நம்மூர் பேலியோவில் ஒரு வேளைக்குச் சொல்லும் 100 பாதாம் ஏறக்குறைய 700 கலோரி. அதை ஒரு வேளை உணவாகச் சாப்பிட்டால் கணக்கு சரி. டிவி முன்னால் கொறித்தால் எடை நகராது.

16:8 விரதம் எளிது, சமையலை மாற்ற வேண்டாம். மதியம் 12 முதல் இரவு 8 வரை சாப்பாடு, மீதி 16 மணி நேரம் விரதம். ஆனால் "விரதம்" என்று சொல்லிக்கொண்டே காலையில் சர்க்கரை போட்ட பால் காபி குடிப்பவர்கள்தான் அதிகம். அது விரதமே இல்லை.

சிறுதானியத்தில் ஏமாற்றம் நிச்சயம், அளக்காவிட்டால். சமைக்காத 100 கிராம் சாமையும் அரிசியும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான், 330–350. நார்ச்சத்தால் பசி தாங்கும், அவ்வளவே. வரகுப் பொங்கலில் மூன்று மேசைக்கரண்டி நெய் விட்டால் அதுவே 350 கலோரிக்குக் குறையாது.

எந்த முறையானாலும் புரதம் குறைந்தால் தசையும் கரையும். கிலோ எடைக்கு 1 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான்.

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் எதையும் தொடங்காதீர்கள், சர்க்கரை திடீரென இறங்கிவிடும்.