ஆள் துணை வேறு, சமாதானம் வேறு

கோலாலம்பூருக்கு வந்த புதிதில் தனிமைக்கு எல்லோரும் எனக்குச் சொன்ன மருந்து ஒன்றுதான்: ஆள் சேர்த்துக்கொள். ஆபீஸ் தோழி, “லீவு நாளில் ரூமிலேயே அடைந்து கிடக்காதே” என்றாள். வீட்டுக்கார ஆன்ட்டி, “காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோம்மா, எல்லாம் சரியாப் போயிடும்” என்றார். அம்மா போனில் சொன்னதும் அதேதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு ஆளில்லை என்று சொல்லவும் முடியாது. துன் சம்பந்தன் சாலையில் இறங்கினால் பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, காதில் விழுவதெல்லாம் தமிழ். நல்ல தோழிகளும் கிடைத்தார்கள். ஆனாலும் இரவு பத்து மணிக்கு (ஊரில் அப்போது ஏழரைதான்) அம்மாவிடம் பேசி வைத்த பிறகு நெஞ்சைப் பிசைகிற மாதிரி இருக்கும். யாராவது முகம் கொடுத்துப் பேசினால் அன்றைக்கு நிம்மதி, பேசாவிட்டால் தூக்கம் போச்சு.

மேற்கு மலேசியாவில் பெரிய வெள்ளிக்கு (குட் ஃப்ரைடே) பொது விடுமுறை கிடையாது, சபாவிலும் சரவாக்கிலும் மட்டும்தான். எங்களுக்குத் தரங்கம்பாடிப் பக்கம், 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய கரை. அங்கே அன்று சொந்தபந்தம் எல்லாம் கோயிலில்தான் இருக்கும். இங்கே அரை நாள் லீவு போட்டுவிட்டு, 1924இல் கட்டிய சீயோன் லுத்தரன் கோயிலில், பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தேன்.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள்தான். அன்று மூன்றாவதும் ஏழாவதும் மனதில் அடுத்தடுத்து வந்து நின்றன. மூன்றாவதில் இயேசு தம் தாயை அன்பான சீடனிடம் ஒப்படைக்கிறார், அந்த வேதனையிலும் உறவை அவர் மறக்கவில்லை. ஆனால் ஏழாவதில் தம் ஆவியை ஒப்படைத்தது பிதாவின் கைகளில். பெற்ற தாய் பக்கத்திலேயேதான் நிற்கிறார்! அவ்வளவு பெரிய பாரத்தை ஒரு தோழியின் தலையிலோ, வரப்போகிற கணவனின் தலையிலோ ஏற்றி வைத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள், பாவம்.

அப்புறம் தினமும் இரவில் பைபிளில் 131ஆம் சங்கீதம் வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றே வசனம், எருசலேமுக்கு யாத்திரை போகிறவர்கள் பாடியதாகச் சொல்லும் ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. பால் மறந்த குழந்தையைப் போல ஆத்துமா அடங்கியிருக்கிறது என்று அதில் வரும். அண்ணன் மகனுக்குப் பால் மறக்கடித்ததைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அண்ணி வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டார். அவன் வாயை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, ராத்திரியெல்லாம் கத்தி, அண்ணியின் சேலையைப் பிடித்து இழுத்து, வீட்டையே ஒரு வழி பண்ணிவிட்டான். பிறகு ஒரு நாள் தானாக வந்து மடியில் ஏறினான். எதுவும் கேட்கவில்லை, அண்ணியின் தாலிக்கொடியைத் திருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பால் வேண்டாம், அம்மா போதும்.

ஜெபத்தில் எனக்குக் கிடைத்ததும் அந்த மாதிரி அமைதிதான். பட்டியல் போட்டுக் கேட்பது குறைந்துவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் ஆண்டவரின் சமூகத்தில் உட்கார்ந்திருப்பேன், சில நாள் மோனோரயில் ஓய்கிற நேரம் வரைக்கும். தோழி பதில் போடாத நாளிலும் இப்போது தூக்கம் வருகிறது, மறுநாள் அவளிடம் கோபமில்லாமல் பேசவும் முடிகிறது.

சபைக்குப் புதிதாக வருகிற பெண்ணிடம் முதலில் கேட்பது “எப்போ கல்யாணம்?” என்றுதான், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கும். தனியாக இருப்பவள் மனதைத் தேற்றிக்கொள்ள இப்படிச் சொல்கிறாள் என்று நினைக்கிறவர்களும் உண்டு. எனக்குக் கல்யாணத்தின் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை, நல்ல வரன் வந்தால் பார்க்கச் சொல்லி அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். வருகிறவரிடம் நான் கேட்கப்போவது, இரவில் கூட உட்கார்ந்து ஜெபிக்க வருவாரா என்று மட்டும்தான்.