ஏழு மணி ஷிப்ட்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக ஒன்பது வருஷம் இருந்தேன். காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. ஏழு பத்தைத் தாண்டினால் ரெஜிஸ்டரில் சிவப்பு மையால் லேட் போட வேண்டும். மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும்.

சைதாப்பேட்டை அடையாற்றங்கரையிலிருந்து ஓர் அக்கா நடந்தே வேலைக்கு வருவார். ஒரு நாள்கூடத் தாமதமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் கரையோரக் குடும்பங்களை ஊருக்கு வெளியே இருக்கும் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது, அவருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. "கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கு சார்" என்று முதல் வாரம் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த மாதம் அவர் பெயருக்கு நேரே ஐந்து சிவப்புக் கோடு. போட்டது என் கைதான்.

நாலு மணிக்கே எழுந்துவிடுவார். லிஃப்ட் ஓடாத நாளில் ஆறு மாடி இறங்கி, இருட்டில் நடந்து, இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வந்ததும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு நிமிஷம் பாதத்தை அமுக்கிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார். ஏழரைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று மேலே கேட்டேன். முடியாது என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு பழைய தெருக்களிலேயே வாடகை வீடு தேடினேன். ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை, ஐயாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ். அவர் கைக்கு வந்த சம்பளமே ஒன்பதாயிரம். அப்புறம் 2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சரி, ஒரே அறைக்குப் பத்துப் பேர் காத்திருக்கும் தெருவில் அதை யார் எடுத்துச் சொல்ல முடியும்?

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள். அந்தப் பழைய வழியை விட்டது பெரிய தப்பு என்றே நினைக்கிறேன்.

அக்கா வேலையை விட்டுவிட்டார். சில மாதம் கழித்து போனில் பேசினார். பெரும்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, சோழிங்கநல்லூரில் ஓர் அபார்ட்மென்டில் கூட்டிப் பெருக்கும் வேலையாம். "சம்பளம் ரெண்டாயிரம் கம்மிதான் சார். ஆனா புள்ளைக்குத் தலை பின்னிவிட்டுட்டு வர முடியுது."