பெயர் இல்லாமல் திரும்பி வந்த அம்பா

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம், கரையில் நின்று கரைவலை இழுக்கிற இடத்தில் ஒரு பெரியப்பா அம்பா பாடுவார், வலை இழுக்கிறவர்களின் வேலைப் பாட்டு அது. அவர் ஓரடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கிற இருபது பேரும் 'ஏலேலோ' என்று வாங்கிக்கொண்டு ஒரு இழுவை இழுப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு விடியற்காலையில் அதைப் போனில் எடுத்து எங்கள் பாட்டுக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டேன். அந்தப் போன் பிறகு தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. போன மாதம் டொரொண்டோவில் இருக்கிற மச்சான் அதே வீடியோவை எனக்கே அனுப்பி, "இது எந்த ஊர்ப் பாட்டு, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். ஊர் இல்லை, பாடியவர் பெயர் இல்லை, படம் மங்கிப்போய் குரலுக்கு மேல் காற்று இரைகிறது. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

கும்மி, கோலாட்டம், உடுக்கு, கூத்து என்று எங்கள் மாவட்டத்தில் பாடுகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். இணையத்தில் போடுவதை நாங்கள் எப்போதோ பழகிவிட்டோம், பெயரோடு போடுவதைத்தான் இன்னும் பழகவில்லை. பாட்டின் முதலடி, ஊர், பாடியவர், வருடம், இந்த நாலும் தலைப்பிலேயே இருந்தால் போதும், எவர் எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் தேடிக் கண்டுபிடிக்கலாம். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், டொக்யுமென்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும்.

நவராத்திரிக் கும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டோடு வீதிக்கு வருகிற இரவில் எத்தனை போன்கள் நேரலை போடுகின்றன, வெளிநாட்டுச் சனம் நித்திரை முழித்திருந்து பார்க்கிறது, ஆனால் மூன்று மணித்தியால வீடியோவுக்குள் ஒரு பாட்டைத் தேட அடுத்த நாள் யாருக்குப் பொறுமை இருக்கும்? பாட்டுப் பாட்டாக வெட்டிப் போடுங்கள். முடியாவிட்டால் யூடியூப்பில் வீடியோவுக்குக் கீழே 0:00 என்று தொடங்கி, ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் நேரத்தையும் அதன் முதலடியையும் வரிவரியாக எழுதினால் அதுவே பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும், குறைந்தது மூன்று வரி வேண்டும். பக்கத்து ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடினால் அதற்கு உரிமை கேட்டு வந்துவிடுவார்கள், ஆகவே எடுக்கிற நேரத்துக்கு அதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

உடுக்கை சூமில் படிப்பிக்கப் பார்த்தோம். இங்கே அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்குகிற ஆசிரியர், அடிக்க, அங்கே பிள்ளைகளுக்கு விட்டு விட்டுத்தான் கேட்டது, ஏனென்றால் சூம் மனிதப் பேச்சை வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வெட்டிவிடுகிறது. அமைப்பில் மூல ஒலியை அப்படியே விடுகிற தெரிவு ஒன்று இருக்கிறது, அதைப் போட்ட பிறகுதான் தோலின் அதிர்வு போய்ச் சேர்ந்தது. அப்படியும் இரண்டு பக்கமும் சேர்ந்து அடிக்க முடியாது, சத்தம் போய்ச் சேருவதற்குள் தாளம் பிந்திவிடும். அவர் ஓரடி அடிக்க, நிறுத்த, பிள்ளைகள் திருப்பி அடிக்க, இப்படித்தான் சரிவந்தது. பார்த்தால் இதுவும் அம்பா முறைதான்.

பெரியவர்களிடம் கேட்காமல் ஒன்றையும் போடாதீர்கள். உரு வரவழைக்கிற, அதாவது சாமியாட வைக்கிற, பாட்டுகள் சில வெளியே போகக்கூடாது என்று அவர்கள் சொன்னால் அது அவர்களுடைய சொத்து, விட்டுவிட வேண்டும். போடலாம் என்று சொன்னதை பேஸ்புக்கில் மட்டும் விடாமல், இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுங்கள், இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஒரு பிரதி ஏற்றுங்கள், அதற்குக் காசு இல்லை. நூலகம் 2005இல் இருந்து எங்கள் எழுத்துகளைச் சேர்த்து வருகிறது, பாட்டும் அங்கே இருக்கட்டும்.

வாடைக் காற்று தொடங்கினால் கரைவலை நின்றுவிடும். அதற்கு முன்னர் இந்த ஞாயிறு விடிய நிலாவெளிக்குப் போகிறேன். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பெரியப்பாவுக்கு இரண்டு முழம் தள்ளி வைத்து எடுக்க வேண்டும், அப்புறம் வீட்டில் இருத்தி இன்னொரு தடவை பாடச் சொல்லி வரிகளைக் கொப்பியில் எழுத வேண்டும், கயிறு கையில் இல்லாவிட்டால் அவருக்குப் பாட்டின் வேகம் மாறிவிடும், ஆனால் சொற்கள் தெளிவாக வரும். அவர் தன்னுடைய பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிறாரோ அப்படியே எழுதிப் போடுவேன்.