கோட் எழுதும் முன் நடந்த பேச்சு

நான் அன்றாடம் பயன்படுத்தும் ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவி, தன் செட்டிங்ஸை ஒரே ஃபைலில் சேமிக்கும். சேமிக்கிற நொடியில் கரன்ட் போனால் ஃபைல் பாதியில் அறுந்து நிற்கும். அதைச் சரிசெய்ய இறங்கினேன். வழி பலருக்கும் தெரிந்ததுதான்: தற்காலிக ஃபைலில் எழுதி, முழுவதும் டிஸ்கில் இறங்கியபின் பழைய பெயருக்கு ரீநேம் செய்வது.

ஆனால் அந்தத் திட்டத்தில் கோட் எழுதும் முன் முன்மொழிவு எழுதி, எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். பைத்தான் மொழியில் 2000 முதல் 'பெப்', ரஸ்ட் மொழியில் 2014 முதல் 'ஆர்எஃப்சி' என்ற பெயர்களில் நடப்பதன் சின்ன வடிவம். ரஸ்ட் படிவத்தில் உள்ளதுபோலவே, மாற்று வழிகளுக்கும் முடிவாகாத கேள்விகளுக்கும் தனித்தனி இடம் இருந்தது. தற்காலிக ஃபைலை எங்கே வைப்பது என்பதை முடிவாகாத கேள்வியாகப் போட்டேன். அதே ஃபோல்டரில்தான் வைக்க வேண்டும் என்று பதில் வந்தது. டெம்ப் ஃபோல்டர் தனி டிஸ்க் போன்ற வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் ரீநேமே நடக்காது.

அடுத்து வந்த கேள்விதான் முக்கியமானது. "என்னிடம் இருப்பது வெறும் சிம்லிங்க், அதாவது வேறிடத்து ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி. அசல் ஃபைல், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் ரெப்போவில் இருக்கிறது. ரீநேம் செய்தால் என்ன ஆகும்?" சிம்லிங்க் போய்விடும். அந்த இடத்தில் சாதாரண ஃபைல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். ரெப்போவில் இருப்பது பழையதாகவே கிடக்கும், எர்ரர் எதுவும் வராது. ஆகவே முதலில் அசல் பாதையைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்திலேயே எழுதுவது என்று வடிவமைப்பை மாற்றினோம். ஃபைலை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற பழைய பெர்மிஷனைக் காப்பதும் அதோடு சேர்ந்தது.

கேட்டவர் அந்தத் திட்டத்தில் ஒரு வரிகூட கோட் எழுதாதவர். நேராக கோட் எழுதி, அதைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் போட்டிருந்தால் அவர் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். கோடில் மாறிய வரிகளைக் காட்டும் டிஃபைப் படிப்பவர்கள் சிலர்தான். பேச்சு நடையில் எழுதிய ஒரு பக்கத்தை யாரும் படிக்கலாம். இந்தப் பேச்சு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான்.

இந்த வசதியை அணைக்க ஓர் ஆப்ஷன் வேண்டுமா என்பதில்தான் வாதம் நீண்டது. ஒருமுறை ரிலீஸில் கொடுத்துவிட்டால் திரும்ப எடுப்பது கடினம் என்று, திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் மறுத்தார். சரியான முடிவு. காரணத்தோடு அதை முன்மொழிவின் 'நிராகரித்த யோசனைகள்' பகுதியில் பதிந்தோம். பின்னாளில் வேறொருவர் அதையே கேட்டபோது, அந்தப் பத்தியைக் காட்டினால் போதுமாக இருந்தது.

கோட் ரிவ்யூ சீக்கிரமே முடிந்தது. விண்டோஸ் மட்டும் பாக்கி. வேறொரு புரோகிராம் ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் அங்கே ரீநேம் மறுக்கப்படலாம். எத்தனை தடவை மறுபடி முயல்வது, எப்போது பயனரிடம் சொல்வது என்ற பேச்சு தனி இஷ்யூவில் ஓடிக்கொண்டிருக்கிறது.