தரவுப் பயிற்சி: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 9, 2025, திங்கள்

ஆகஸ்டில் புவி அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கு இரண்டு நாள் தரவுப் பயிற்சி. பாடத்திட்டம் என் பொறுப்பு. கைக்கு வந்த பழைய திட்டம் லூப், ஃபங்ஷன் என்று நிரல் எழுதும் பாடங்களோடு ஆரம்பித்து, கடைசி ஒரு மணி நேரத்தில் ஏதோ ஒரு வரைபடத்தோடு முடிகிறது. அதை ஓரமாக வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் மாலை இவர்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் எழுதினேன்: தன் மூலக் கோப்பை எடுத்து, ஒழுங்குபடுத்தி, வரைபடம் போட வேண்டும், பக்கத்து இருக்கைக்காரர் தன் கணினியில் அதே வரைபடத்தைத் திரும்ப வரவழைக்க முடிய வேண்டும். மற்ற பாடமெல்லாம் அங்கிருந்து பின்னோக்கி.

ஜூன் 11, புதன்

மழை ஆய்வு செய்யும் தம்பி, திருச்சிக்காரர், மடிக்கணினியோடு வந்தார். "அக்கா, ஈஆர்ஏ5ல மழை ஒரு நாள் முந்தியே பெய்யுது. ரெண்டு வாரமா மாடலைத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

ஈஆர்ஏ5 என்பது உலகம் முழுவதற்குமான பழைய வானிலையை மாடல் வழியே மீட்டெடுத்த தரவுத் தொகுப்பு. கோப்பைத் திறந்து நேர வரிசையைப் பார்த்தோம். எல்லாம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதில் நள்ளிரவு என்றால் இங்கே சிங்கப்பூரில் காலை எட்டு மணி. சுமத்ராவிலிருந்து கிளம்பும் புயற்காற்று மழையோ பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து காலைக்குள் சிங்கப்பூரைக் கடக்கிறது. ஏழு மணிக்குக் கொட்டிய மழை முந்தைய நாள் கணக்கில் போய் விழுகிறது. எட்டரைக்குப் பெய்தது அன்றைய கணக்கில். ஒரே மழையை நடுவில் வெட்டிய கத்தி அந்த எட்டு மணி. நேரத்தை மாற்றிக் கூட்டியதும், மழைமானிக் கணக்கோடு நாள்கள் பொருந்தின. தம்பி எழுந்து நின்றே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அளவு மில்லிமீட்டரில் இல்லை, மீட்டரில் என்பதும் அதே கோப்பில் எழுதியிருக்கிறது. யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. முதல் பயிற்சிக் கணக்கு கிடைத்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

கடல்மட்டம். மணிவாரியான பழைய ஓதப் பதிவுகளை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் கணக்கை, எடுத்தால் நேரம் இன்னும் சிக்கல். சிங்கப்பூர் யுடிசிக்கு எட்டு மணி நேரம் முந்தியது என்பது 1982 ஜனவரி 1 முதல்தான். போருக்குப் பின் 1981 முடியும்வரை ஏழரை மணி. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், ஒன்பது மணி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வேகமாக ஏறும்போது அரை மணியில் நீர் ஒரு சாண் அளவு உயர்ந்துவிடும். 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு சொல்லும் ஊரில், எந்தக் கடிகாரம் என்று கேட்காமல் கணக்குப் போடக் கூடாது.

லிவர்பூலில் உள்ள நிரந்தரக் கடல்மட்டச் சேவையின் மாதச் சராசரிக் கோப்பும் பாடத்தில் உண்டு. அதில் விடுபட்ட மாதத்துக்கு -99999 என்று குறிப்பார்கள். அதைத் தெரியாமல் சராசரி எடுத்தால் கடலே வற்றிப்போகும்!

ஜூன் 16, திங்கள்

சுமத்ரா ஜிபிஎஸ் தரவு, நில நகர்வை அளக்கும் நிலையங்களிலிருந்து வருவது. 'மற்றவற்றை விட்டு விலகி வெளியே நிற்கும் புள்ளிகளை நீக்கு' என்று எல்லாப் பயிற்சிகளும் சொல்லிக்கொடுக்கின்றன. 2005 மார்ச் 28இல் சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவு நிலநடுக்கத்தில் சில நிலையங்கள் மீட்டர் கணக்கில் இடம்பெயர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு சுத்தம் செய்தால் நிலநடுக்கத்தையே துடைத்துவிடுவோம். இந்தத் துறைக்குத் தனிப் பாடம் வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நிற்பது இதனால்தான்.

ஜூன் 19, வியாழன்

வெள்ளோட்டம். தடுமாறினால் சிவப்பு ஒட்டுத்தாள், முடித்தால் பச்சை. எக்செலில் சிவப்பு குவிந்தது: 5E2 என்ற பவள மாதிரியின் பெயரை அது 5.00E+02 ஆக்கிவிட்டது.

ஆய்வுக்கூடத்து அண்ணன் தன் களக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். மழையில் நனைந்தும் கலையாத பென்சில் எழுத்து. இடம், நேரம், எந்த நாட்டு நேரம், அப்போது நீர் ஏறுமுகமா இறங்குமுகமா, உயரம் எதிலிருந்து அளந்தது. "நேரம் எழுதலேன்னா திரும்பவும் படகு ஏறணும்மா," என்றார். தரவு தேடக் கிடைக்க வேண்டும், எடுக்க முடிய வேண்டும், பிற தரவோடு இணைய வேண்டும், திரும்பப் பயன்பட வேண்டும் என்று சொல்லும், 2016இல் வெளியான ஃபேர் (FAIR) கொள்கைகளை நாலு எழுத்தாக மனப்பாடம் செய்பவர்களுக்கு இந்த ஒரு பக்கத்தைத்தான் காட்டப்போகிறேன். அனுமதி வாங்கிப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

முதல் நாள் காலை முழுக்கக் கோடிங் இல்லை என்றேன். "பைத்தான் வகுப்புன்னுதானே பதிவு பண்ணியிருக்காங்க?" என்று சக பயிற்றுநர் கேட்டார். அவர் கவலை நியாயமானது. ஆனால் எந்தக் கடிகாரம், என்ன அலகு, எங்கிருந்து உயரம், விடுபட்டதற்கு என்ன குறி என்று தன் கோப்பைப் பார்த்துப் பதில் எழுத ஒருவருக்கு அவ்வளவு நேரம் வேண்டும். மதியம் பைத்தானுக்கு வரும்போது எதைத் திருத்த வேண்டும் என்பது அவர் கையிலேயே இருக்கும். ஒப்புக்கொண்டார், அந்தக் கேள்விகளுக்கான தாள் தயாரிக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார்.

எல்லாருக்கும் மின்னஞ்சல் போயாயிற்று: சொந்தக் கோப்பைக் கொண்டு வாருங்கள், திருத்தாமல் அப்படியே. எரிமலைச் சாம்பல் ஆராயும் பெண் உடனே பதில் போட்டார்: பாதித் தரவு இன்னும் நோட்டில்தான் இருக்கிறதாம். நோட்டையே கொண்டு வரச் சொல்லிவிட்டேன்.